சிங்கப்பூர் போக பெங்களூரா, சென்னையா? கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான கணக்கு

விமான நேரம்: சென்னையிலிருந்து சுமார் 2,900 கி.மீ., நாலேகால் மணி நேரம். பெங்களூரிலிருந்து சுமார் 3,200 கி.மீ., நாலரை மணிக்குச் சற்று மேல். டிக்கெட்டில் ஏழு மணி நேரம் போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு 2.30 மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

சாலை: கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி ஏறத்தாழ 130 கி.மீ., சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் ஏறத்தாழ 250 கி.மீ. வானத்தில் மிச்சமாகும் இருபது நிமிடத்துக்காகச் சாலையில் இரண்டு மணி நேரம் கொடுக்கிறோம்.

ஆனால் பெங்களூரின் 130 கி.மீ.யை நம்பக்கூடாது. இரவு 11 மணி விமானத்துக்கு 8 மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். மாலை 4 மணிக்குக் கிளம்பினால் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் ஐ.டி. கம்பெனி விடும் நேரத்தில் மாட்டுவீர்கள், அடுத்து ஹெப்பாள். பகல் 2 மணிக்கே வண்டி எடுங்கள். அத்திப்பள்ளியில் திரும்பி சர்ஜாபூர், ஒசக்கோட்டை வழியாகவும் போகலாம், லாரிகள் அதிகம்.

பஸ்: எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா ஏசி பஸ் உண்டு.

விடியற்காலை விமானம், துபாய்ப் பயணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெங்களூர்தான். மேற்கே போக அதுவே கிட்டம். மாலை நெரிசலில் மாட்டும் சிங்கப்பூர் விமானம், டிக்கெட்டிலும் நல்ல வித்தியாசம் என்றால் மட்டும் சென்னை.