ஐடிஈ முதல் எஸ்எஸ்டி வரை: எந்த டிஸ்க் எதற்கு?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணை ஒருவர் போன கிழமை 80 ஜிபி ஐடிஈ (பழைய காலத்து அகல வயர் இணைப்பு) ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். 2004இல் எடுத்த கலியாண வீட்டு வீடியோக்கள் அதற்குள் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் இப்போது கனடாவிலிருந்து கேட்கிறார்களாம். "தம்பி, இதை எடுத்துத் தந்திட்டு, கடைக் கொம்பியூட்டருக்கும் புதுசா ஒண்டு போட்டு விடும். எது நல்ல வேகம்?" என்றார்.

டிஸ்க்குக்கு இரண்டு விதமான வேலை இருக்கிறது. பெரிய வீடியோ ஒன்றை வரிசையாக வாசிப்பது ஒன்று. அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பது மற்றது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் பலர் காசைக் கொடுக்கிறார்கள்.

வரிசை வாசிப்பில் அண்ணையின் பழைய டிஸ்க் நொடிக்கு 50 எம்பி அளவில் ஓடும். இன்றைய நல்ல, நிமிடத்துக்கு 7200 சுற்றும் சாட்டா (ஐடிஈக்குப் பின் வந்த இணைப்பு) டிஸ்க் 200 எம்பியைத் தொடும். ஆனால் சுழலும் வேகம் கூடவில்லை. 1992இல் வந்த சீகேட் பரகூடாவே நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றியது. உள்ளே சுழலும் காந்தத் தட்டில் தரவை நெருக்கி எழுதக் கற்றுக்கொண்டார்கள், அதனால் ஒரே சுற்றில் ஹெட்டுக்கு (தட்டை வாசித்து எழுதும் முனை) கீழே கூடுதல் தரவு போகிறது. அவ்வளவுதான்.

தேடும் வேலையில்தான் உண்மை வெளிக்கிறது. 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செக்கன் காத்திருக்க வேண்டும். ஹெட் நகர இன்னுமொரு 9 மில்லி செக்கன். மொத்தம் 13. அப்படியென்றால் நொடிக்கு 75 இடங்களுக்குத்தான் பாய முடியும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் 4 கேபி வாசித்தால் நொடிக்கு வெறும் 300 கேபி! நேற்று வாங்கிய 4 டிபி டிஸ்க்குக்கும் இதே கதிதான், பழையதை விட மிஞ்சினால் கொஞ்சம் மேல். வின்டோஸ் எழும்பும்போது செய்வது முழுக்க இந்தப் பாய்ச்சல் வேலைதான். லப்டொப்பைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரும்வரை வட்டம் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

எஸ்எஸ்டி தட்டுக்குப் பதிலாக மெமரி சிப்பில் தரவை வைப்பது, அதில் சுற்றவோ நகரவோ எதுவுமில்லை. 0.1 மில்லி செக்கனுக்குள் தரவு கைக்கு வந்துவிடும். பழைய லப்டொப்பில் சாட்டா 2 (சாட்டாவின் பழைய, வேகம் குறைந்த பதிப்பு) தான் இருக்கிறது, போட்டுப் பயனில்லை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். வரிசை வேகம் 270 எம்பி அளவில் நின்றுவிடும், சரி. பாய்ச்சல் வேகம் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி) நொடிக்கு 3500 எம்பி ஓடினாலும், வின்டோஸ் எழும்பும் நேரத்தில் சாட்டா எஸ்எஸ்டியோடு பெரிய வித்தியாசம் தெரியாது.

புதிய சுழலும் டிஸ்க்கில் ஒரு சங்கதியைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். எஸ்எம்ஆர் வகையில் தட்டிலுள்ள தரவுத் தடங்களைக் கிடுகு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று பாதி மூடி எழுதுவார்கள். நடுவில் உக்கிய கிடுகு ஒன்றை மாற்ற மேலே உள்ளவற்றையும் கிளப்ப வேண்டும் அல்லவா? அதேபோல ஒரு தடத்தை மாற்றினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ஒருமுறை எழுதிச் சேமித்து வைக்கக் குறையில்லை. எடிட்டிங்குக்கு வைத்தால் எழுதும் வேகம் திடீரென்று விழும். அதற்கு, தடங்கள் ஒன்றையொன்று மூடாத சிஎம்ஆர் வகையை வாங்குங்கள்.

கரண்ட் போவது நமக்குப் பழக்கம். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட வெட்டினார்கள். சுழலும் டிஸ்க், மின்சாரம் நின்றதும் தட்டு சுற்றும் விசையிலிருந்தே கரண்ட் எடுத்து ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிவிடும். மலிவான எஸ்எஸ்டிகளில் எழுதி முடியாத தரவைக் காக்க மின்தேக்கி இருக்காது. யூபிஎஸ் இல்லாமல் கடைக் கொம்பியூட்டரை ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, எஸ்எஸ்டியை அலுமாரியில் வருடக்கணக்கில் வைக்கக்கூடாது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அதில் தரவைத் தாங்கி நிற்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் வேகமாக. காந்தத் தட்டு இந்த விஷயத்தில் பரவாயில்லை. பழுதாகும்போதும் பெரும்பாலும் கிறிக் கிறிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமலே போய்விடும்.

அண்ணைக்கு நான் போட்டது, வின்டோஸுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, வீடியோக்களுக்கு 4 டிபி சிஎம்ஆர் டிஸ்க். வெளிநாட்டுக்குக் கொடுக்கும் கலியாண வீடியோக்களை இரண்டு இடத்தில் வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.

பழைய டிஸ்க்கின் இணைப்புக் கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது. சின்ன ஊசியால் நிமிர்த்தி, யூஎஸ்பி 2 அடப்டரில் போட்டேன். அதில் நொடிக்கு 30 எம்பிதான் வரும், டிஸ்க்கின் சொந்த வேகத்தைவிடக் குறைவு. பக்கத்தில் மேசை ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு முக்கால் மணித்தியாலம் இருவரும் அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசிக் கோப்பும் வந்தது. தாலி கட்டும் இடத்தை ஓடவிட்டுப் பார்த்தபின்தான் அண்ணை எழும்பினார்.