சுண்ணாம்புச் சுவரோடு ஐந்து மழைக்காலம்

2018 நவம்பரில் வீசிய கஜா புயல், புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடுகளை வாரிக்கொண்டு போனது. செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தாத்தா கட்டிய வீடு. இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டச் சொல்லாதவர்கள் சொந்தத்தில் இல்லை. பிடிவாதமாகப் பழுதுபார்த்தோம். 2019 கடைசியில் தொடங்கிய வேலை, நடுவில் நின்றுபோய், 2021 தை மாதம் முடிந்தது. முடித்த கையோடு படம் எடுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். ஐந்து மழைக்குப் பிறகு அந்தச் சுவர் என்ன ஆனது என்று தேடினால்தான் ஒன்றும் கிடைப்பதில்லை.

சுவரிலிருந்தே தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன்பு யாரோ வெளிச்சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதம் வெளியேற வழியில்லாமல், சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஏறி உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. கொத்தனார் முதல் வேலையாக அதைக் கொத்தி எறிந்தார். செங்கல் ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகே சுண்ணாம்பு பூசினார். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது. மழையில் சுவர் கொஞ்சம் கறுக்கும், வெயில் வந்தால் தானே வெளுக்கும். அந்தப் பக்கம் இன்றுவரை உப்பு ஏறவில்லை. குளியலறைக்கு மட்டும் சிமெண்டே போதும் என்று நாங்கள் சொன்னோம். அதை ஒட்டிய அறைச் சுவரில் மூன்றாம் வருடமே உப்பு தலைகாட்டிவிட்டது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றி, குழியில் தண்ணீருக்கடியில் ஊறவைக்கிறார்கள். பூசும்போது கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரைச் சேர்க்கிறார்கள். ஒரு வாரம் வீடு முழுக்கக் கள்ளுக்கடை வாசம், கூடவே எறும்பு. செட்டிநாட்டுப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் உண்டு. அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தே மெருகேற்றினார்கள். முகம் தெரிகிற பளபளப்பு வரவில்லை என்றாலும் கை வைத்தால் வழுக்குகிறது, அது போதும்.

தப்பு நடந்தது முகப்புச் சுவரில். பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டதால், பத்தே நாள் ஊறிய சுண்ணாம்பை 2020 ஜனவரியில் பூசச் சொன்னவன் நான். “நீறாத பருக்கை உள்ளே கிடக்கும் தம்பி, பிறகு வெடிக்கும்” என்றார் கொத்தனார். நான் கேட்கவில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்து குறித்த நாளும் போனது, வேலையும் நின்றது. மீதிச் சுண்ணாம்பு நான்கு மாதம் குழியிலேயே கிடந்தது. வீணாகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்த கொத்தனார் கரண்டியால் கொஞ்சம் அள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெண்ணெய்போல இருந்தது. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் அதைத்தான் பூசினோம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூடத்தில் மயிரிழைக் கீறல்கள் இரண்டு மூன்று, அவ்வளவுதான். முகப்பில் ஐம்பது பைசா அகலத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். அதுதான் நீறாத பருக்கை. ஈரம் பட்டதும் நீறி உப்பி மேல்பூச்சைத் தள்ளிவிடுகிறது. 40 வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல், காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட தரைக்கல். செய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் போட்டு ஆறவைப்பதோடு சரி. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கிவிடுகிறது. சிமெண்டைத் திட்டிவிட்டுத் தரைக்குச் சிமெண்ட் கல்லா என்று தம்பி கேலி செய்தான். பதில் சொல்ல முடியவில்லை. நடக்க நடக்க மெருகேறும் என்பது உண்மை, அதுவும் நடக்கிற தடத்தில் மட்டும். கூடத்தில் ஊஞ்சலிலிருந்து சமையலறை வரை ஒரு பாதை தனியாக மின்னுகிறது. பரணுக்குக் கீழே உள்ள மூலை இன்னும் மங்கல்தான்.

இந்தக் கல்லுக்கு அமிலம் ஆகாது. பதித்து முடித்த அன்று சிந்திய சிமெண்டைத் துடைக்கிறேன் என்று ஓர் ஆள் ஆசிட் ஊற்றிவிட்டார். அந்த மூலையில் பூ வெளிறியது வெளிறியதுதான். புளியும் எலுமிச்சையும் சமையலறையில் அதே வேலையை மெதுவாகச் செய்துவிட்டன. மறுபடி கட்டினால் அங்கே கடப்பாக்கல்தான் போடுவேன். மற்ற இடங்களில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு சரி.

செல்லரித்த இரண்டு உத்தரங்களுக்குப் பதில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்கு வாங்கினேன். உறுதிக்குக் குறையில்லை. யாரோ ஒருவர் வீட்டை இடித்ததால்தான் என் வீடு நிற்கிறது என்பது மட்டும் அவ்வப்போது உறுத்தும்.

வெயிலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பகலில் கூடம் உண்மையிலேயே குளுமை, மதியம் மின்விசிறி போதும். சித்திரை இரவு வேறு கதை. பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளமும் சுவரும் ராத்திரியில் கக்கும். முற்றத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். படுக்கையறைக்கு ஏசி வாங்கியதை மறைக்கப் போவதில்லை.

செலவில் கூலிதான் பெரிது. சிமெண்ட் பூச்சுக்குக் கேட்டதைப்போல இரண்டரை மடங்கு ஆனது. அதைவிடக் கஷ்டம் ஆள் கிடைப்பது. எங்கள் கொத்தனாருக்கு இப்போது சாரத்தில் ஏற முடியவில்லை, மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். முகப்பை மறுபடி பூச வேண்டும் என்று போன வருடம் கூப்பிட்டபோது, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டார். தேதி கேட்டேன். “முதலில் சுண்ணாம்பைப் போடு, பிறகு தேதி கேள்” என்றார். ஆவணியில் குழியில் போட்டாகிவிட்டது. தண்ணீர் வற்றாமல் தினமும் காலையில் எட்டிப் பார்க்கிறேன்.