ஜிஆர்இ வெர்பலுக்கு பவர்பிரெப்: கோடிட்ட இடங்களுக்காகவே எழுதிப் பார்க்கலாம்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கிற யாராவது எந்த ஆப்புக்குப் பணம் கட்டலாம் என்று கேட்டால், இப்போதைக்கு எதற்கும் கட்ட வேண்டாம், ஈடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் ஆன்லைன் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை முதலில் எழுதிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். அசல் தேர்வை நடத்துகிறவர்களே போட்ட கேள்விகள் அவை. கணிதப் பகுதியை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் பகுதியில், ஏறக்குறைய பாதி இடத்தைப் பிடித்திருக்கும் கோடிட்ட இடக் கேள்விகளைப் பற்றி.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் இவை வந்துவிடும் என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்தில் அது ஓரளவு சரி. 2011 ஆகஸ்டில் அவற்றை எடுத்துவிட்டார்கள், இப்போது எல்லாமே வாக்கியத்துக்குள்தான் நடக்கிறது. பவர்பிரெப்பை எழுதும்போது இது நன்றாகவே உறைக்கும்.

அதே பாணியில் நானே ஒன்று சொல்கிறேன். ‘எப்போதும் நீட்டி முழக்குகிற அந்த மேயர் அன்று இவ்வளவு ____ ஆகப் பேசியது எல்லோருக்கும் வியப்பு.’ லகோனிக், டெர்ஸ், எலக்வென்ட், ஆர்ட்டிகுலேட், கேண்டிட், பாம்பஸ் என்று ஆறு சொற்கள், இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் ஒரே பொருளைத் தர வேண்டும். எலக்வென்ட்டும் ஆர்ட்டிகுலேட்டும் ஜோடியாகப் பளிச்சென்று கண்ணில் படும். ஆனால் நீட்டி முழக்குகிறவர் அழகாகப் பேசினால் அதில் என்ன முரண்? வாக்கியம் கேட்பது நீளத்துக்கு எதிரானதை, ஆக லகோனிக், டெர்ஸ், இரண்டுக்கும் சுருக்கமான என்றுதான் பொருள். கேண்டிட் (ஒளிவுமறைவில்லாத) பொருந்துகிற மாதிரி இருந்தாலும் அதற்குத் துணை கிடையாது. இந்தப் பொய் ஜோடியை அசல் கேள்விகளில் எவ்வளவு நேர்த்தியாக வைக்கிறார்கள் என்பதற்காகவே பவர்பிரெப்பை எழுதலாம். நான் பணம் கட்டிய ஒரு ஃபிளாஷ்கார்டு ஆப்பில் ஆறு சொற்களில் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கும், வாக்கியத்தைப் படிக்காமலே விடை போட்டுவிடலாம். அதே ஆப் குவாலிஃபைட் என்றால் தகுதி பெற்ற என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தேர்விலோ, முழு மனதோடு இல்லாமல் தயக்கத்தோடு பாராட்டினார் என்ற இடத்தில் அந்தச் சொல் வந்து நிற்கும்.

மூன்று கோடுகள் உள்ள கேள்விகளும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் 3 சொற்கள், மொத்தம் 27 சேர்க்கைகள், மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரி என்பதற்கு ஒன்றும் கிடையாது. முதல் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆல்தோ, டிஸ்பைட், ஃபார் ஃப்ரம் மாதிரி திருப்பம் தருகிற இடத்தைத் தேடுங்கள், முக்காற்புள்ளி இருந்தால் அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் முன்னால் சொன்னதன் விளக்கம்தான். எந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறதோ அதை முதலில் நிரப்புங்கள், மற்றவை அதன் பின்னாலேயே வரும்.

நேரமும் முக்கியம். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பல் முதல் பகுதியில் 12 கேள்விகளுக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகளுக்கு 23 நிமிடம். சராசரி ஒன்றரை நிமிடம்தான், பத்தி படிக்கிற கேள்விகள் அதற்கு மேல் கேட்கும், அதனால் கோடிட்ட இடங்களை ஒரு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். தடுமாறினால் மார்க் பட்டனை அழுத்திவிட்டு நகருங்கள், அதே பகுதிக்குள் திரும்பி வரலாம். தப்புக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள். முதல் பகுதியை எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது சொல் கற்றுத் தரும் கருவி அல்ல. லகோனிக் என்றால் என்னவென்றே தெரியாவிட்டால் பவர்பிரெப் ஒன்றும் செய்யாது, அதற்கு நல்ல கட்டுரைகளைப் படித்துச் சொற்களை அவை வரும் வாக்கியத்தோடேயே குறித்துக்கொள்வதுதான் சரி. அப்புறம், இலவசத் தேர்வுகளை மொத்தமாக ஒரே வாரத்தில் எழுதித் தீர்த்துவிடாதீர்கள். படிக்கத் தொடங்கும்போது ஒன்று, அசல் தேர்வுக்கு ஓரிரு வாரம் முன்பு இன்னொன்று. அதே தேர்வைத் திரும்ப எழுதினால் விடைகள் நினைவில் இருக்கும், வருகிற மதிப்பெண்ணை நம்ப முடியாது.