பெயரில்தான் ஓசி

275 டாலர் கட்டி வாங்கிய பொருளுக்கு விமர்சனம் எழுதுவதில் தப்பில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டைதான் அது. என்னுடையதற்கு வயது ஏழு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த பிறகு எடுத்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டதால், வருஷத்துக்கு இரண்டு வாரம் அல்ல, தினமும் இதோடு வாழ்கிறேன்.

விண்ணப்பிப்பது ஒரு பாடு. கையெழுத்துப் படம் பெட்டிக்குள் சரியாக உட்காரவில்லை என்று விண்ணப்ப மையத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். சரி, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு தடவை செலவு என்று பொறுத்துக்கொண்டேன்.

கைக்கு வந்த பிறகு வசதிதான். ஆயுள் முழுக்க விசா. எத்தனை வருஷம் தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், எனக்கு உள்ளூர்க்காரர் விலையான 40. (இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் 40தான், இந்த அட்டையே தேவையில்லை.) ஆனால் கும்பகோணத்தில் லாட்ஜ் எடுத்தால் வெளிநாட்டவருக்கான தனிப் படிவம் நிரப்ப வேண்டும். வரவேற்பில் இருந்த பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க தமிழ்தானே பேசுறீங்க, அப்புறம் எதுக்கு இது?" என்றான்.

எல்லாம் பெயர் செய்கிற வேலை. ஓசிஐ என்பதை விரித்து 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்று படிக்கிறவர்கள் குடியுரிமை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 2015 முதல் குடியுரிமைச் சட்டம் கூடவே 'அட்டைதாரர்' என்றொரு சொல்லையும் சேர்த்து எழுதுகிறது. அந்த வாலில்தான் உண்மை இருக்கிறது.

அது எனக்குப் புரிந்தது நிலத்தில். எங்கள் வரப்பை ஒட்டி சித்தப்பாவுக்கு மூன்று மா நஞ்சை. மகனுக்குப் பணம் தேவைப்பட்டது. வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லாமல் என்னிடம் வந்தார். எனக்கும் ஆசைதான். ஆதாரம் எல்லாம் எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில், "அப்பா வழியில வந்ததை வச்சுக்கலாம்மா, விலைக்கு ஒரு குழி கூட வாங்க முடியாது" என்றார். மன்னார்குடி டவுனில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் மட்டும் கூடாது. சித்தப்பாவுக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை. "இந்தத் தண்ணியில வளர்ந்த பொண்ணுக்கு இந்த மண்ணு கிடையாதா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் திருச்சியில் இருக்கும் தம்பி பெயரில் வாங்கினோம். நிலத்தைப் பார்த்துக்கொள்வது நான், பட்டா அவனுக்கு.

அன்று ராத்திரி அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பை எடுத்துப் பிரிவு பிரிவாகப் படித்தேன். ஒவ்வொரு பிரிவும் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனித்தால் போதும். சட்டத்தின் முன் சமம் என்கிற 14, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21, மத சுதந்திரத்துக்கான 25 ஆகியவை குடிமகனா என்று கேட்பதில்லை. இந்த மண்ணில் நிற்கிற எந்த ஆளுக்கும் உண்டு. பாகுபாடு காட்டக் கூடாது என்கிற 15, அரசு வேலையில் சம வாய்ப்புக்கான 16, பேச்சும் தொழிலும் நடமாட்டமும் அடங்கிய 19 எல்லாம் குடிமக்களுக்கு மட்டும். ஹவுரா ரயில் நிலைய விடுதியில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு 21-ஐக் காட்டித்தான் 2000-ல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. அவரிடம் எந்த ஓசிஐ அட்டையும் இல்லை. அதே 21-தான் எனக்கும். அதற்கு நான் 275 டாலர் கட்டியிருக்கவே வேண்டாம்.

அப்படியானால் கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கிறது? அரசிதழில் அறிவிக்கும் சலுகைகள். அறிவிப்பு மாறினால் அதுவும் மாறும். 2021 மார்ச் 4-ல் அப்படித்தான் மாறியது. நீட் வழியாக ஓசிஐ பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கென ஒதுக்கிய என்ஆர்ஐ இடங்கள் மட்டும் என்றார்கள். என் அக்கா மகள் அப்போது பிளஸ் ஒன். வீடே கலங்கிப் போனது. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களை அது பாதிக்காது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியவர்களுக்குப் பொது இடங்களின் கதவு மூடியே இருக்கிறது. அதே அறிவிப்புப்படி பத்திரிகைப் பணி செய்யவும் தனி அனுமதி வேண்டும். இந்த விமர்சனம் அதில் சேராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஓட்டு கிடையாது என்பது வாங்கும்போதே தெரியும். தெரிந்திருப்பது வேறு, 2024 மக்களவைத் தேர்தலுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது வேறு. 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே தபால் ஓட்டு என்று அலுவலர்கள் வந்தார்கள். அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அலுவலர்கள் வைத்த மறைப்புக்குப் பின்னால் அவள் ஓட்டுப் போட, நான் அடுக்களையில் வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஓர் அலுவலர் பட்டியலைப் புரட்டியபடி, "உங்க பூத் எதும்மா?" என்று கேட்டார். சர்க்கரை போதுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். விசா அலைச்சலே இல்லாததற்கு மூன்று, மாமல்லபுரத்துக்கு அரை. வாங்கப் போகிறவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழை முதலிலேயே எடுத்து வையுங்கள்; அது இல்லாமல் எதுவும் நகராது. ஐம்பது வயதுக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஒரு தடவை இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்குக் காசு கிடையாது. இந்த அட்டையில் நான் கண்ட ஒரே ஓசி அதுதான்.