மார்க்கர் கறையும் ஸ்பிரிட் பாட்டிலும்

திருப்பூரில் பனியன் வேலை நடக்கும் வீடுகளில் மார்க்கர் பேனா இல்லாத வீடு அபூர்வம். அட்டைப்பெட்டியில் சைஸ், கலர், பீஸ் கணக்கு எழுதுவதற்காக எங்கள் வீட்டிலும் எப்போதும் நாலைந்து கிடக்கும். அது குழந்தைகள் கைக்குப் போவதும், ஃபிரிட்ஜ், டைல்ஸ், சுவர், சோபா என்று கிறுக்கல் விழுவதும் வருஷக்கணக்காக நடக்கிறது. எந்தக் கறை எதற்குக் கேட்கும் என்பது இப்போது நன்றாகவே பிடிபட்டுவிட்டது.

இந்த மையில் சாயமும் பிசினும் ஆல்கஹால் போன்ற ஒரு திரவத்தில் கரைந்திருக்கின்றன. எழுதியதும் திரவம் ஆவியாகிவிடும், பிசின் சாயத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீருக்கு அசையாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் கைதான் வலிக்கும். ஆல்கஹால் பட்டால் மறுபடி இளகும். அதனால் மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்தான் எங்கள் வீட்டில் முதல் மருந்து. டைல்ஸ், கண்ணாடி, எவர்சில்வர் மூன்றிலும் இதுவரை கைவிட்டதில்லை. பஞ்சை நனைத்துக் கறைமேல் கொஞ்ச நேரம் வைத்து, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் துடைக்க வேண்டும். பஞ்சு கறுத்ததும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த சாயம் படலமாகப் பரவும். டைல்ஸ் இடுக்குச் சிமெண்டில் மட்டும் லேசான நிழல் நிற்கும்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் பாட்டிலைத் தொட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரோடு இதைக் கலக்கவே கூடாது, நச்சு உண்டாகும்.

ஃபிரிட்ஜ் கதவுக்கு ஜெல் சானிடைசர் நல்லது; வழியாமல் நிற்கும். ஒயிட்போர்டு மார்க்கரைக் கறைமேல் பூசி ஈரம் காய்வதற்குள் துடைப்பதும் உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் வழவழப்பான பரப்பில், புதுக் கறைக்குத்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் எனக்குப் பிடிக்காது. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். கண்ணாடிக்குச் சரி, பல பிளாஸ்டிக்குகளின் மேற்பரப்பை அது இளக்கிவிடும். பக்கத்து வீட்டு டிவி ரிமோட்டில் கறை போனது, கூடவே பளபளப்பும் போய் அந்த இடம் சொரசொரவென்று ஆகிவிட்டது.

சுவர் தனிக் கதை. எமல்ஷன் அடித்த சுவரில் ஸ்பிரிட் வைத்தால் கோடாக இருந்த மை திட்டாகப் பரவும், பெயிண்டும் சேர்ந்து உரியும். மேலே அதே பெயிண்டை அடித்து மறைக்கவும் முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்த பெயிண்டர் கறையைப் பார்த்ததுமே சொன்னார்: "எத்தன கோட்டு அடிச்சாலும் மை எந்திரிச்சு வந்துருமுங்க. ஆயில் பிரைமர் ஒரு கை ஓட்டிட்டு அப்புறம் பெயிண்ட் அடிச்சுக்கலாமுங்க." தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் சாயத்தை மேலே இழுத்துவிடுகிறது, ஆயில் பிரைமர் அடியிலேயே அமுக்கிவைக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் ஓட்டி, நன்றாகக் காயவிட்டுத்தான் அடித்தார். பல தீபாவளி தாண்டியும் அந்த இடத்தில் கறை தலைகாட்டவில்லை. சுவருக்கு நான் நம்புவது இந்த ஒரு வழியைத்தான்.

அப்புச்சி காலத்துத் தேக்கு பீரோவில் ஸ்பிரிட்டைப் பக்கத்திலேயே விடுவதில்லை. பிரெஞ்சு பாலிஷ் என்பதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. ஸ்பிரிட் பட்டால் கறைக்கு முன்னால் பாலிஷ் கிளம்பிவிடும். டிவி திரைக்கும் வேண்டாம், அதன் மேல் பூச்சு கெடும்.

துணியில் பட்டால் அடியில் பழைய துணியை மடித்து வைத்து, மேலிருந்து ஸ்பிரிட்டால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கறை போகும்வரை வெந்நீரும் இஸ்திரியும் கூடாது. ரெக்சின் சோபாவுக்கு நேரம்தான் முக்கியம். நாளாக ஆக சாயம் ரெக்சினுக்குள்ளேயே இறங்கிவிடும், அப்புறம் எது போட்டாலும் மங்குமே தவிர மறையாது. கிறுக்கியதைப் பார்த்த அன்றே, ஓர் ஓரத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பார்த்து, நிறம் இறங்கவில்லை என்றால் உடனே துடைத்துவிடுங்கள்.