இம்பீச் என்றால் பதவி நீக்கமா? ஓர் அகராதிச் செயலியோடு என் அனுபவம்

செய்தி மொழிபெயர்ப்பு என் தொழில். 2018-லிருந்து என் கைபேசியில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். இதே குறையை இந்த வகைச் செயலிகள் வேறு சிலவற்றிலும் பார்த்துவிட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். மீதி இரண்டைக் கழித்தது ஒரே ஒரு சொல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். எழுத்துப் பிழையோடு தட்டினாலும் சரியான சொல்லைக் கண்டுபிடித்துத் தரும். செடி கொடி, நோய், கருவி இவற்றின் பெயர்களுக்கு இதைத் தாராளமாக நம்பலாம்.

சட்டமன்றம், நீதிமன்றம் என்று போனால்தான் சிக்கல்.

2019 டிசம்பர் 19 காலை. அதுவரை விளையாட்டுச் செய்திகள்தான் என் பங்கு. அன்று அரசியல் பக்கத்துக்கு ஆள் வரவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை டிரம்ப்பை 'இம்பீச்' செய்துவிட்டது என்று செய்தி வந்து விழுந்தது. செயலியைத் திறந்தேன். தடித்த எழுத்தில் முதல் வரி: 'பதவி நீக்கம் செய்'. அதன் கீழே, கண்ணில் படாத சாம்பல் நிறத்தில், 'குற்றஞ்சாட்டு'. எடுத்துக்காட்டு வாக்கியமும் 'அதிபர் பதவி நீக்கப்பட்டார்' என்றுதான் இருந்தது. அதையே தலைப்பாக்கி அனுப்பினேன். இருபது நிமிடம் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார். "தம்பி, அவர் இன்னும் வெள்ளை மாளிகையிலதானே இருக்காரு? யாரு நீக்கினது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த இருபது நிமிடத்தில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேரோ என்ற உறுத்தல் இன்றும் போகவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். இம்பீச் என்பது நீக்குவது அல்ல; பதவியில் இருப்பவர்மீதோ இருந்தவர்மீதோ முறைப்படி குற்றம் சாட்டுவது. நம் வழக்கில் சொன்னால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதைப் போன்றது. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். விசாரிப்பது மேலவையான செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் பதவி போகும். 1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். 1998-இல் கிளிண்டன், 2019-இலும் 2021-இலும் டிரம்ப். மூவருமே செனட்டில் தப்பியவர்கள். 1974-இல் பதவியை விட்டே போன நிக்சனோ இம்பீச் ஆகவில்லை. சபை வாக்கெடுப்புக்கு முன்பே விலகிவிட்டார். செயலியின் பொருளை நம்பினால் இந்த வரலாறு அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் கதை இன்னும் தெளிவானது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் பதவியை விட்டு 1785-இலேயே இங்கிலாந்து திரும்பிவிட்டார். பிரிட்டிஷ் மக்களவை அவரை இம்பீச் செய்தது 1787-இல். விசாரணை 1788-இல் தொடங்கி 1795 வரை இழுத்து, கடைசியில் விடுதலையானார். பதவியிலேயே இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது?

செயலி ஏன் இப்படிச் சொல்கிறது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தில் 61-ஆவது பிரிவு போன்ற, குடியரசுத் தலைவரைப் பற்றிய இடங்களில்தான் இம்பீச்மென்ட் என்ற சொல் வருகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பற்றிய 124-ஆவது பிரிவு நீக்கம் என்றே பேசுகிறது. ஆனால் 1993-இல் நீதிபதி வி. ராமசாமிமீது மக்களவையில் தீர்மானம் வந்து தோற்றதையும் நாம் இம்பீச்மென்ட் என்றே பேசிப் பழகிவிட்டோம். நீதிபதிக்குப் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்பது சரியாகவே பொருந்தும். அந்தப் பொருத்தத்தை எல்லா இடத்துக்கும் நீட்டியதில்தான் பிழை வந்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழ் இதழ்களில் 'குற்றப் பிரேரணை' என்று எழுதுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. குற்றச்சாட்டு என்பதும் தெரிகிறது, இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதும் தெரிகிறது.

அப்புறம், நீதிமன்றத்தில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வேலையும் உண்டு. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆவது பிரிவு, சாட்சியின் நம்பகத்தன்மையை 'இம்பீச்' செய்வது பற்றியதாக இருந்தது. அதாவது, இவர் சொல்வதை நம்ப முடியாது என்று காட்டுவது. செயலியின் வாக்கிய மொழிபெயர்ப்பில் இதைப் போட்டுப் பார்த்தேன். 'வழக்கறிஞர் சாட்சியைப் பதவி நீக்கம் செய்தார்' என்று வந்தது. சாட்சிக்கு ஏது பதவி? ஆனால் 'அன்இம்பீச்சபிள்' என்று தேடினால் 'குறைகூற முடியாத' என்று சரியாகத் தருகிறது. அந்தப் பதிவை எழுதியவருக்குச் சொல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அவரையே இதையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'திருத்தம் அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 2019-இல் எழுதினேன், பதில் இல்லை. 2021 ஜனவரியில் டிரம்ப் இரண்டாம் முறை இம்பீச் ஆனபோது, ஜான்சன், நிக்சன், ஹேஸ்டிங்ஸ் மூவரையும் சேர்த்து விரிவாக எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. நன்றி சொல்லி, பரிசீலிப்பதாக எழுதியிருந்தார்கள். அடுத்த புதுப்பிப்பில் வினைச்சொல்லின் முதல் வரி 'முறைப்படி குற்றஞ்சாட்டு' என்று மாறியது. திரையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆசிரியருக்கும் படம் பிடித்து அனுப்பினேன்.

ஆனால் இம்பீச்மென்ட் என்ற பெயர்ச்சொல்லின் பதிவில் இன்றும் 'பதவி நீக்கம்' மட்டும்தான் இருக்கிறது. அங்கே 'பதவி நீக்கக் குற்றச்சாட்டு' என்று போட்டாலே போதும். நான் செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறேன். மாணவர்கள் வாங்கலாம், அன்றாட வாசிப்புக்கு வசதியானது. செய்தியோ சட்டமோ மொழிபெயர்ப்பவர்கள் சாம்பல் நிற வரியையும் படித்துவிட்டு எழுதுங்கள். அந்தப் பழைய எடுத்துக்காட்டு வாக்கியமும் அப்படியே கிடக்கிறது. நேற்று அதைச் சுட்டிக்காட்டி மூன்றாம் முறையாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.