சேலத்துல லேப்டாப்புக்கு ஓஎஸ் (விண்டோஸ்) போட குடுக்கறவங்க இத படிச்சிட்டு குடுங்க

கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. கடை பேரு கேக்காதீங்க, புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடிக்கடை, அவ்ளோதான். ஒரிஜினல்னு காசு வாங்கிட்டு திருட்டு ஓஎஸ் போட்டு குடுக்கற கடை அது ஒண்ணு மட்டும் இல்ல, அதனால பேர விட எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கறது தான் முக்கியம்.

என் மச்சான் ஏற்காட்டுல சின்னதா ஹோம்ஸ்டே நடத்தறான், ரூம் பில்லு, காப்பித்தோட்ட கூலி கணக்கு எல்லாம் ஒரே லேப்டாப்ல தான். ஒருநாள் அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயி, பேட்டரியும் செத்த பேட்டரி, அப்புறம் ஆன் பண்ணா ஆட்டோமேட்டிக் ரிப்பேர்னு வரும், சுத்தும், திரும்ப அதே வரும். மேல பாக்க ஆள் இல்லன்னு கீழ இறங்கி வந்து அந்த கடைல குடுத்துட்டு போயிட்டான். ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஓஎஸ் போடற டிஸ்க் (டிவிடி) இருக்கான்னு கேட்டிருக்காங்க, வாங்கும்போதே டிஸ்க் தரலைன்னு இவன் சொல்லிருக்கான், அப்ப ஒரிஜினல் ஓஎஸ் தனியா வாங்கணும்னு சொல்லி 2500, சர்வீஸ் 500, மொத்தம் 3000 வாங்கிட்டாங்க. பில்லுன்னு ஒரு துண்டுச்சீட்டு, அதுல "ஓஎஸ் + சர்வீஸ்"னு பேனால எழுதிருக்கு, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல ஒண்ணும் இல்ல.

இங்க தான் ஏமாத்து வேலையே இருக்கு. இப்ப எந்த கம்பெனியும் லேப்டாப்போட டிஸ்க் தர்றதில்ல, டிஸ்க் போடற டிரைவே கிடையாது. விண்டோஸ் 8 வந்த காலத்துல இருந்து, அதாவது 2012ல இருந்து, விண்டோஸோட வர்ற லேப்டாப்புக்கு கீ (ஓஎஸ் ஒரிஜினல்னு காட்டற நம்பர்) மதர்போர்டுலயே, பயாஸ்ங்கற சிப்புக்குள்ள எழுதி வந்துடுது, முன்னாடி அடில ஒட்டிருந்த ஸ்டிக்கர் அதனால தான் காணாம போச்சு. ஹார்ட் டிஸ்க்லயே ஒரு ஓரமா ரெகவரி பார்ட்டிஷன்னு ஒண்ணு ஒளிஞ்சு இருக்கும், டிஸ்க் பண்ண வேண்டிய வேலைய அது பண்ணும். ஆக ஓஎஸ்க்கு லேப்டாப் வாங்கும்போதே காசு குடுத்தாச்சு, இவங்க அதையே திரும்ப வித்துருக்காங்க, அதுவும் திருட்டு ஓஎஸ்ஸ.

எப்படி தெரிஞ்சதுன்னா, மச்சான் போன் பண்ணி "மாமா, ஆண்டிவைரஸ் எதும் போடாதீங்க, போட்டா அது ஓஎஸ்ஸையே வைரஸ்னு காட்டும்னு கடைல சொன்னாங்க, அப்படியா?"ன்னு கேட்டான். எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. மேல போயி பாத்தா, வாங்கும்போது இருந்தது விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், இப்ப இருக்கறது ப்ரோங்கற வேற எடிஷன். ரன் பாக்ஸ்ல எஸ்எல்எம்ஜிஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் எக்ஸ்பிஆர்னு (slmgr /xpr) அடிச்சு பாத்தேன், ஒரிஜினலா இருந்தா பெர்மனென்ட்லி ஆக்டிவேட்டட்னு வரணும், இதுல வால்யூம் ஆக்டிவேஷன் இந்த தேதில எக்ஸ்பயர் ஆகும்னு ஒரு தேதி வருது. கேஎம்எஸ்ங்கற ஆக்டிவேஷன் முறை அது, பெரிய ஆபீஸ்ல நூத்துக்கணக்கா சிஸ்டம் வச்சிருக்கவங்களுக்கானது, 180 நாள் தான் செல்லும், அதுக்குள்ள புதுப்பிக்கணும், அத ஏமாத்தற ஒரு சாஃப்ட்வேர உள்ள வச்சிருக்காங்க. விண்டோஸ் செக்யூரிட்டில எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க போனா ஒரு ஃபோல்டர ஸ்கேனே பண்ணாதன்னு போட்டு வச்சிருக்கு. வீட்டுக்குள்ள திருடன விட்டுட்டு நாய கட்டி போட்ட மாதிரி. இதுல தான் வாரவாரம் கெஸ்ட்டோட ஆதார் காப்பி ஏத்தறான்.

கடைக்கு போயி கேட்டேன். "ஆக்டிவேட்டட்னு காட்டுதுல்ல சார், அப்புறம் என்ன"ன்னாரு. ரெகவரி பார்ட்டிஷன் எங்கன்னு கேட்டதுக்கு, "அது சும்மா இடத்த அடைச்சிட்டு இருந்துச்சு, நாங்க தான் க்ளீன் பண்ணி குடுத்துருக்கோம்"னாரு பாருங்க, அதுக்கு மேல பேச எனக்கு வாய் வரல. பணம் தர மாட்டாராம், வேணும்னா இன்னொரு தடவ ஃப்ரீயா ஓஎஸ் போட்டு தராராம்!

சரி பண்ணது நாங்களே தான், பைசா செலவில்ல. மைக்ரோசாஃப்ட் சைட்ல ஓஎஸ் போட பென்டிரைவ் ரெடி பண்ற மீடியா கிரியேஷன் டூல் சும்மாவே கிடைக்குது, 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஏற்காட்டு நெட்ல அத இறக்க உக்காந்தா விடிஞ்சிரும், அதனால சேலத்துல என் சிஸ்டத்துலயே இறக்கி எடுத்துட்டு போனேன். பென்டிரைவ்ல பூட் பண்ணதும் கீயும் கேக்கல, எந்த எடிஷன்னும் கேக்கல, பயாஸ்ல இருக்கறத பாத்து ஹோம் சிங்கிள் லாங்குவேஜ அதுவே எடுத்துக்கிச்சு, வைஃபை டிரைவர் இல்லாததால போன கேபிள்ல மாட்டி நெட் குடுத்தோம், தானா ஆக்டிவேட் ஆயிருச்சு. லேப்டாப்போட வந்த ஆபீஸும் மச்சானோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ள போனதும் வந்துருச்சு. ரெகவரி பார்ட்டிஷன் மட்டும் போனது போனது தான்.

லேப்டாப் நல்லா ஓடிட்டு இருக்கவங்க இன்னிக்கே ஒரு வேல பண்ணுங்க. ஸ்டார்ட்ல ரெகவரி டிரைவ்னு டைப் பண்ணா ஒரு டூல் வரும், அதுல சிஸ்டம் ஃபைல்ஸையும் பேக்கப் எடுங்கற டிக் இருக்கணும், 32 ஜிபி பென்டிரைவ் சொருகிருங்க, அதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும் அதனால காலி பென்டிரைவா பாத்துக்குங்க. ரொம்ப நேரம் எடுக்கும், ஓட விட்டுட்டு தூங்க போங்க. இதுல உங்க போட்டோ, கணக்கு எல்லாம் வராது, ஓஎஸ் மட்டும் தான். எல்லாத்தையும் இருக்கற மாதிரியே வேணும்னா எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, கன்ட்ரோல் பேனல்ல பேக்கப் அண்ட் ரெஸ்டோர் விண்டோஸ் 7னு இருக்கும், பேர பாத்து பழசுன்னு நினைக்காதீங்க, அதுல சிஸ்டம் இமேஜ் எடுத்து வைங்க. டிஸ்க்ல இருக்கறத பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா 48 இலக்கத்துல ஒரு ரெகவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், அத பேப்பர்ல எழுதி பீரோல வைங்க, லேப்டாப் பேக்ல வைக்காதீங்க.

ஏற்கனவே எங்கயாவது ஓஎஸ் போட்டவங்க மேல சொன்ன எக்ஸ்பிஆர அடிச்சு பாருங்க, தேதி வந்துச்சுன்னா கமென்ட்ல சொல்லுங்க. நாங்க 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்தாச்சு, துண்டுச்சீட்டையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் எடுத்து வச்சிருக்கோம், கடைக்காரர் இப்ப மச்சான் நம்பர பாத்தா போன எடுக்கறதில்ல.